சாட்பாட் எழுதிய சமாதானக் கடிதம்

சாட்பாட்டுக்குச் சமாதானம் பேசச் சொல்லிக்கொடுக்கும் வேலை வந்தபோது, கோர்ட்டில் இருபது வருடம் வாய் வலிக்கப் பேசியதற்கு இதுவாவது கிடைத்ததே என்று ஒத்துக்கொண்டேன். கோயமுத்தூரில் ஒரு கம்பெனி. நான் எதிர்த்தரப்பு ஆளாக நடித்து அதனோடு பேச வேண்டும். அது தப்பாகப் பேசினால் திருத்த வேண்டும்.

ஆரம்பத்தில் அது எடுத்த எடுப்பிலேயே சட்டப் பிரிவைச் சொன்னது. எங்கள் ஊர்க்காரர்களிடம் அப்படிப் பேசினால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். முதலில் மழை மாரி விசாரி, அப்புறம் அவர் எப்போதோ செய்த ஒரு நல்லதைச் சொல்லி நன்றி சொல், விஷயத்துக்குக் கடைசியில் வா என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன். என்னைவிட நன்றாகவே கற்றுக்கொண்டது.

அந்தத் திமிரில்தான் என் கட்சிக்காரப் பெண்ணுக்காக அனுப்ப வேண்டிய ஒரு சமாதானக் கடிதத்தையும் அதையே எழுதச் சொன்னேன். அவளுக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு. கணவர் இறந்துவிட்டார். தோப்புக்கு இருக்கும் ஒரே தடம் கணவரின் அண்ணன் நிலத்தில் போகிறது. அவர் கேட்டைப் பூட்டிவிட்டார். காய் விழுந்து கிடந்தும் எடுக்க வழியில்லை. அந்த அண்ணனுக்கு எழுதிய கடிதத்தை அச்செடுத்து அவளிடம் நீட்டினேன். “நீங்க எழுதுனா சரியாத்தானுங்க இருக்கும்” என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். நானும் மேலோட்டமாகத்தான் பார்த்திருந்தேன்.

சமரச மையத்தில் அந்த அண்ணன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட் சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். “ஏனுங்க வக்கீலம்மா, தம்பி எழவுக்கு நான் முன்னால நின்னு எல்லாம் பாத்தேன்னு நன்றி எழுதியிருக்குதுங்க. நான் அன்னைக்குப் போகவே இல்லீங்க. கோவத்துல ஊட்டுலயே உக்காந்துட்டேன். அது அந்தப் புள்ளைக்கும் தெரியுமுங்க. மன்னிச்சுப்போட்டு எழுதுச்சா, குத்திக்காட்டறதுக்கு எழுதுச்சா?”

நடக்காததற்கு நன்றி சொல்லாதே என்று அதற்கு நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. உண்மையைச் சொன்னால் சாவி திரும்பிப் போய்விடும். சொல்லாவிட்டால், யாருமே கொடுக்காத மன்னிப்பை இவர் வாங்கிக்கொண்டு போவார். இதில் எது மோசம் என்று இன்றுவரை பிடிபடவில்லை. “கையெழுத்து அவங்களுதுதானுங்க” என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

“செரி, அந்தப் புள்ளையவே கேட்டுக்கறேனுங்க” என்று அவர் உள்ளே திரும்பினார். அவர் வருவதைப் பார்த்து, சாவியும் கையுமாக அவள் எழுந்து நின்றாள். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.