அரியாலையில் பிடுங்கிய சாதாளை

அரியாலைக் கடல்நீரேரியில் முழங்காலளவு நீரில் நிற்கிறேன். அலை வரும்போது அடியிலிருக்கும் சாதாளைப் புல் படுத்துவிடுகிறது, போனதும் நிமிர்கிறது. ஒன்றுகூட வேரோடு பெயரவில்லை.

பக்கத்தில், செல்வம் அண்ணை கடலட்டை வளர்த்த வலையடைப்பு கிழிந்து தொங்குகிறது. அதற்குள் புல்லே இல்லை. ஏன் என்று அருகில் நிற்கும் அவரிடம் கேட்கிறேன்.

"அட்டை தேடேக்கை மறைக்குதெண்டு நான்தான் பிடுங்கினனான். அலையை மறிச்சு வைச்சிருந்ததே அந்தப் புல்லுத்தான் எண்டு அப்ப தெரியேல்லை. மாரிக் காத்துக்குச் சேறு கிளம்பி எல்லாத்தையும் மூடிப்போட்டுது. ஒரு அட்டையும் மிஞ்சேல்லை."

"திரும்ப நடலாமே, அண்ணை?"

"ஓம், நட்டனான். அலை கொண்டுபோகாமல் ஒவ்வொண்டிலையும் கல்லுக் கட்டித்தான் நட்டனான்."

குனிந்து சேற்றுக்குள் கையை விடுகிறார். கயிறு சுற்றிய கல் மட்டும் வருகிறது.