ரவுண்டு சீல் வைத்த எல்கேஜி ஃபார்ம்

வெப்சைட்டையும் டாக்குமென்ட்டையும் பார்வை இல்லாதவர்களும் படிக்கும்படி செய்வது எப்படி என்று ஆபீஸ் ஆபீஸாகப் போய்ச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். இதில் சமோசா நிச்சயம், பலன் சந்தேகம். பயிற்சி வகுப்பு எடுத்துத் தொண்டை கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் என் கட்சி, வாருங்கள்.

என் கூட்டாளி பஷீர், பீர்க்கன்கரணைக்காரர். அவருக்கும் அவர் மனைவி ஷமீமாவுக்கும் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை லேப்டாப் வாசித்துச் சொல்லும். பஷீர் காதால் கேட்டுக் கீபோர்டில் வேலை செய்வார். வகுப்பில் நான் பேசுவேன், அவர் செய்து காட்டுவார்.

டீயா, காபியா?

மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனி. வரவேற்ற அதிகாரி தங்கமான மனிதர். ஆனால் பஷீரிடம் கேட்க வேண்டியதை எல்லாம் என்னிடமே கேட்டார். "மேடம், சார் டீ சாப்பிடுவாரா, காபியா?" பஷீர் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். "சர்க்கரை போடலாமா மேடம்?" நான் பஷீரைக் கை காட்டினேன். அதிகாரி என் கையைப் பார்த்துவிட்டு மறுபடி என்னிடமே குனிந்து, "கப்பை அவரே பிடிச்சுக்குவாரா?" என்றார்.

பஷீர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "புடிச்சுக்குவேன் சார். காதும் நல்லா கேக்கும்."

அய்யாவின் படம்

அடுத்து, மேடவாக்கம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் மூன்று நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டது. பஷீருக்கு இதில் சொந்தக் காரியமும் இருந்தது. மகள் ஆஃபியாவை அங்கேதான் எல்கேஜி சேர்க்க ஆசை. போன வருஷம் வேறொரு பள்ளியில் ப்ரீகேஜிக்குப் பக்கத்து வீட்டுக்காரரை ஃபார்ம் நிரப்பச் சொல்லி, அவர் பிறந்த தேதியைத் தப்பாகப் போட்டு, பிள்ளைக்கு இடம் போய்விட்டது. "இந்த வாட்டி யார் கையையும் எதிர்பாக்க மாட்டேன்க்கா. என் பொண்ணு ஃபார்மை நான்தான் நிரப்புவேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

முதல் நாள், வெப்சைட்டில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி விளக்கம் எழுதச் சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் காலை பஷீரின் லேப்டாப் வாசிக்க ஆரம்பித்தது: "கல்வித் தந்தை, கொடை வள்ளல், ஏழைகளின் ஏந்தல், எங்கள் நிறுவனர் அய்யா அவர்கள் புன்னகைக்கும் படம்." அடுத்த பக்கத்திலும் அய்யா, அதே பட்டங்களோடு. எல்லாப் பக்கத்திலும் அய்யாவைத் தாண்டித்தான் போக வேண்டும். விண்ணப்ப ஃபார்மைத் திறக்கும் இடத்துக்கு வந்தபோது மட்டும் லேப்டாப் "பட்டன்" என்று ஒரே வார்த்தை சொல்லி நிறுத்திக்கொண்டது. என்ன பட்டன், எதற்கு என்று யாரும் எழுதவில்லை.

பட்டங்களைக் கொஞ்சம் குறைக்கலாமே என்றேன். வெப்சைட்டைக் கவனிக்கும் பெண் பதறிப்போனாள்: "பட்டனுக்குப் பேர் இல்லேன்னா திட்டோட போயிடும் மேடம். அய்யாவுக்குப் பட்டம் ஒண்ணு குறைஞ்சா எனக்கு வேலையே போயிடும்."

மவுஸ் பறிமுதல்

இரண்டாம் நாள் மத்தியானம் எல்லாருடைய மவுஸையும் பிடுங்கி ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டேன். கீபோர்டால் மட்டும் ஒரு மணி நேரம் வேலை செய்யுங்கள், பஷீரின் கஷ்டம் புரியும் என்றேன். பத்து நிமிஷத்தில் கடைசி வரிசையில் ஒருவர் ஜாலியாக வேலை முடித்திருந்தார். போய்ப் பார்த்தால் பையிலிருந்து இன்னொரு மவுஸ்.

"இது பர்சனல் மவுஸ் மேடம், ஆபீஸ் மவுஸை அப்பவே கொடுத்துட்டேனே."

சீல்

மூன்றாம் நாள் எங்களுக்கு வெற்றி. பட்டனுக்குப் பெயர் வந்தது. விண்ணப்ப ஃபார்மை எல்லாரும் சேர்ந்து ஒழுங்காகத் தயார் செய்தார்கள். பஷீர் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து, ஒரு பொய்ப் பெயரைப் போட்டு முதலிலிருந்து கடைசிவரை தானே நிரப்பிக் காட்டினார். ஆபீஸ் மேனேஜர் சுந்தரேசன் சார்தான் முதலில் கைதட்டினார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பஷீருடையதையும் என் கையிலேயே கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் ஃபார்ம் வெப்சைட்டில் ஏறியது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழக்கிழமை காலை பஷீர் போன் செய்தார். "இன்னாக்கா இது, பக்கம் காலின்னு சொல்லுது. ஒரே பேஜாரா கீது." தாம்பரத்தில் ஆட்டோ பிடித்து, தண்ணி லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன். சுந்தரேசன் சார் பெருமையோடு காட்டினார். நாங்கள் செய்த ஃபார்மைப் பிரின்ட் எடுத்து, பிரின்சிபாலிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கி, ரவுண்டு சீல் குத்தி, ஸ்கேன் பண்ணி ஏற்றியிருந்தார். ஸ்கேன் பண்ணினால் அது வெறும் போட்டோ. லேப்டாப்புக்கு அதில் ஓர் எழுத்துகூடக் கிடைக்காது. மூன்று நாள் உழைப்பும் அந்தச் சீலுக்கு அடியில் போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது, கோபத்தில்.

அவர் என்னைச் சமாதானப்படுத்தினார்: "நீங்க பண்ணதுல ஒரு குறையும் இல்ல மேடம். ஆனா சீல் இல்லாம எப்படி மேடம் அது ஒரிஜினல் ஆகும்?"

யார்?

நானே நிரப்பித் தருகிறேன் என்றதற்குப் பஷீர் ஒத்துக்கொள்ளவில்லை. பயிற்சியில் நிரப்பிக் காட்டிய ஃபார்ம் அவர் லேப்டாப்பில் பத்திரமாக இருந்தது. பொய்ப் பெயரை அழித்தார், ஆஃபியா பெயரைப் போட்டார். பிறந்த தேதியை மட்டும் நாலு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வெள்ளிக்கிழமை காலை பென்டிரைவோடு போனோம். ஆஃபியாவும் புது கவுனில் வந்திருந்தாள்.

சுந்தரேசன் சார் பிரின்ட் எடுத்து வரி வரியாகப் பார்த்தார். ஒரு கட்டம் காலி இல்லை, ஒரு அடித்தல் இல்லை. சந்தோஷமாக ரவுண்டு சீலைக் குத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார்: "இந்த வருஷம் இவ்ளோ சுத்தமா ஒரு ஃபார்ம் வரல மேடம். யாரு நிரப்பிக் கொடுத்தது, நீங்களா?"

ஆக, எங்கள் மூன்று நாள் பயிற்சியால் அந்தப் பள்ளிக்கூடத்தில் தேறியது ஒருத்திதான், அவளும் எல்கேஜிக்கு.