கப்பல் அசையாத கால் மணி நேரம்: பினாங்கில் ஒரு மியூசியக் கப்பலைப் படமெடுத்த கதை

போன வருடக் கடைசியில் என் இடது கண்ணுக்கு லேசர் வைத்தார்கள். எல்லாம் சர்க்கரை செய்த வேலை. அதன்பின் ஈப்போவில் என் வீட்டு மாடியிலிருந்து நிலாவைக்கூட எடுக்கவில்லை. இருட்டில் கேமரா தானாக ஃபோகஸ் பிடிக்கத் தடுமாறும். நாம்தான் வளையத்தைத் திருப்பி, கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அந்தக் கண்ணே சந்தேகம் என்றால்? இனி இரவுப் படம் என்னால் முடியுமா என்று தெரிந்துகொள்ளத்தான் பினாங்கு போனேன். முடியாவிட்டால் கேமராவை அண்ணன் மகளிடம் கொடுத்துவிடுகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டே கிளம்பினேன். ஐம்பத்து நான்கு வயதில் இப்படி ஒரு வீம்பு.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்ரயிலில் இரண்டு மணி நேரம், டிக்கெட் 36 வெள்ளி, அதாவது ரிங்கிட். நிலையத்திலிருந்து ஃபெரித்துறைக்கு நடந்தே போகலாம். கட்டணம் 2 வெள்ளி. கால் மணி நேரத்தில் தீவு வந்துவிடும். ஆர்மேனியன் தெருப் பக்கம் 85 வெள்ளிக்கு ஓர் அறை கிடைத்தது. படி செங்குத்து, டிரைபாடைத் தூக்கிக்கொண்டு ஏறியதில் மூச்சு வாங்கியது.

நான் குறிவைத்திருந்தது, பல வருடம் கார்களையும் ஆட்களையும் சுமந்து ஓய்ந்து, இப்போது மியூசியமாகக் கட்டிப்போட்டிருக்கும் இரண்டடுக்கு ஃபெரி. பக்கத்தில் நின்று பார்த்தால் மூன்று மாடிக் கட்டடம் போல இருக்கிறது. அதை முழுதாகப் பிடிக்க எதிர்ப்பக்கத்துப் படகுத்துறைதான் வசதி. அறையிலிருந்து பன்னிரண்டு நிமிட நடை. அது கான்கிரீட் துறை என்பதால் டிரைபாட் ஆடாது. ஏழு மணிக்கே போய் இடம் பிடித்தேன். ஏழரைக்குக் கப்பலில் விளக்கு போட்டார்கள். வானம் கருநீலமாக, தண்ணீரில் மஞ்சள் கோடுகள். ஆகா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

ஷட்டரை இருபது வினாடி திறந்து வைத்து முதல் படம். பெரிதாக்கிப் பார்த்தேன், கப்பலின் மேல்தட்டுக் கம்பிகள் எல்லாம் மங்கல். மறுபடி ஃபோகஸ், மறுபடி மங்கல். பன்னிரண்டு படம் எடுத்திருப்பேன். கண்ணாடியைத் துடைத்தேன், லென்ஸைத் துடைத்தேன், பிறகு கண்ணையே துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அழுகைதான், வேறென்ன. நானே வைத்துக்கொண்ட பரீட்சையில் நானே ஃபெயில்.

பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். பெயர் கோமதி, முப்பது வயதிருக்கும். சிம்பாங் அம்பாட்டில் ஃபேக்டரி வேலை. லீவு நாளில் மோட்டாரில் பாலம் தாண்டி மீன்பிடிக்க வந்துவிடுவாளாம்.

"அக்கா, ஏன் கேமராவை முறைக்கிறீங்க? ரோசாக் ஆயிருச்சா?"

"கேமரா நல்லாத்தான் இருக்கு. என் கண்ணுதான் ரோசாக்" என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தாள். "இந்த போர்டை மட்டும் பெருசாக்குங்க." கப்பலை ஒட்டிக் கரையில் நிற்கும் எச்சரிக்கைப் பலகையைக் காட்டினாள். பெரிதாக்கினேன். 'ஆவாஸ்' என்ற பெரிய எழுத்தும், அதற்குக் கீழே பொடி எழுத்தும் அப்படியே தெளிவாக இருந்தன.

"போர்டு ஆடல, கப்பல்தான் ஆடுது லா. தண்ணி இழுக்குது, படகு போனா அலை வேற. உங்க மேல ஏன் பழி போடுறீங்க?"

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. பன்னிரண்டு தடவை கம்பியையே பார்த்த நான், பக்கத்தில் இருந்த பலகையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மங்கல் என்றதும் எனக்கு என் கண்ணைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

"எட்டு இருபதுக்குத் தண்ணி நிக்கும், ஒரு கால் மணி நேரம். அப்ப மீன் கடிக்காது, நான் சாப்பிடப் போயிருவேன். நீங்க எடுங்க."

சொன்னபடியே அவளுடைய தக்கை இழுபடாமல் நின்ற இடத்திலேயே நின்றது. தூண்டிலைச் சுருட்டிவிட்டுப் போனாள். கேமராவின் ஒளியுணர்வான ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றி, இருபது வினாடியை இரண்டாகக் குறைத்து, படகு எதுவும் வராத நேரம் பார்த்து அழுத்தினேன். மூன்றாவது படத்தில் மேல்தட்டுக் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. நான் எண்ணவும் செய்தேன்.

கோமதி திரும்பி வந்தபோது எனக்கு ஒரு தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத தேநீர், வாங்கி வந்திருந்தாள். "கண்ணுன்னு சொன்னீங்கல்ல, சர்க்கரையா இருக்கும்னு நினைச்சேன், அதான் சீனி போட வேணாம்னு சொல்லிட்டேன்." படத்தைக் காட்டியதும், "ஹ்ம்ம், பாஸ்!" என்றாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கடல் ஏற்ற இறக்க அட்டவணை செல்பேசியில் கிடைக்கும். தண்ணீர் நிற்கும் நேரமும் அந்தி முடியும் நேரமும் ஒட்டிவரும் நாளாகப் பாருங்கள். தூண்டில்காரர்களின் நூலுக்கு இடைஞ்சல் இல்லாமல் டிரைபாடை வையுங்கள். கொசு மருந்து அவசியம். போக்குவரத்து, அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு 198 வெள்ளி ஆனது. படம் மங்கலாக வந்தால், உங்களைத் திட்டிக்கொள்வதற்கு முன் அதே தூரத்தில் அசையாமல் நிற்கும் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

என் இடது கண்ணின் ஓரத்தில் நிழல் இன்னும் இருக்கிறது. அது போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருக்கட்டும். இருட்டில் என்னால் ஃபோகஸ் பிடிக்க முடிகிறது. அண்ணன் மகள் வேறு கேமரா வாங்கிக்கொள்ளட்டும்.