வேர்க்கடலை முளைத்த அரசமரத் தொட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. கூரத்திலிருந்து உத்திரமேரூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் கணவர் கடைத்தெருவில் பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். வீட்டில் நாங்கள் இருவரும் மாமியாரும்தான். ஒரே நாத்தனாரைப் பக்கத்தில் பெருநகர் என்கிற ஊரில் கொடுத்திருந்தார்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கெட்ட பழக்கம். எதைப் பார்த்தாலும் அது ஏன், எப்படி என்று குடையாமல் இருக்க முடியாது. கேள்வி கேட்டே ஆளை ஒழித்துவிடுவாள் என்று என் அம்மாவே மாப்பிள்ளை வீட்டாரிடம் எச்சரித்துத்தான் கட்டிக்கொடுத்தாள்.

கடையில் எண்ணெய்க் கையைத் துடைக்க என் கணவர் பழைய பத்திரிகைக் கட்டு வாங்கி வைப்பார். மதியச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் அவர் கைக்குப் போவதற்கு முன்னால் நான் அதைப் புரட்டிவிடுவேன். அப்படி ஒருநாள் ஒரு படம் கண்ணில் பட்டது. ஒரு ஜப்பான்காரர் தட்டு மாதிரி ஒரு தொட்டியை மடியில் வைத்திருக்கிறார். அதில் ஒரு முழ உயரத்தில் ஒரு மரம். செடி இல்லை, மரம்! கிழட்டு அடிமரம், விழுது, கிளை எல்லாம் இருக்கிறது. பக்கத்தில் எப்படிச் செய்வது என்று எழுதியிருந்த பாதியை யாரோ ஏற்கெனவே கிழித்துத் துடைத்துவிட்டார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று.

தண்ணீர் காட்டாமல் வளர்த்திருப்பார்களோ என்று ஒரு புளியங்கன்றைக் காயவிட்டேன். செத்தது. இருட்டில் வைத்தால் குள்ளமாகுமோ என்று வேப்பங்கன்றைக் குதிருக்குப் பின்னால் வைத்தேன். அது வெளுத்து நீண்டு ஒட்டடைக்குச்சி மாதிரி ஆகி, அதுவும் செத்தது. என் கணவர் தினமும் வந்து, இன்று யாருக்குக் காரியம் என்று கேட்பார்.

அந்தச் சமயத்தில்தான் குளியலறைச் சுவர் வெடிப்பில் ஓர் அரசங்கன்று முளைத்தது. விட்டால் சுவரைப் பிளந்துவிடும். என் கணவர் ஆசிட் ஊற்றிவிடலாம் என்றார். அரசில் கை வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று மாமியார் குறுக்கே நின்றார். நான் இடையில் புகுந்து, செங்கல் ஒன்றைப் பெயர்த்து, வேர் அறாமல் கன்றை எடுத்து, உடைந்த சட்டியின் அடிப்பாகத்தில் ஆணியால் ஓட்டை போட்டு நட்டேன். சுவரும் பிழைத்தது, பாவமும் வரவில்லை.

கொல்லையில் துணி துவைக்கும் கல் ஒன்று உபயோகமில்லாமல் கிடந்தது. அதன்மேல்தான் தொட்டி. நுனியைக் கிள்ளினால் என்ன ஆகும் என்று கிள்ளிப் பார்த்தேன். அடியில் இரண்டு துளிர் வந்தது. பெரிய இலையைக் காம்பை மட்டும் விட்டு நறுக்கினால், அடுத்து வந்தது கொஞ்சம் சின்ன இலை. அன்று நான் குதித்த குதியில் பக்கத்து வீட்டு மாடு மிரண்டது. கடையிலிருந்து மிச்சக் காயில் கம்பி கொண்டுவந்து தண்டில் சுற்றி வளைத்தேன். மழைக்காலத்தில் தண்டு பருத்து, கம்பி பட்டையில் பதிந்துவிட்டது. அப்போதுதான், கம்பியைச் சுற்றுவது போலவே நேரம் பார்த்து அவிழ்ப்பதும் வேலைதான் என்று தெரிந்தது. இப்படியே மூன்று வருடம் ஓடி, ஒரு சாண் உயரத்தில் என் மரம் ஒரு பக்கம் சாய்ந்து அழகாக நின்றது.

மாமியாருக்கு மட்டும் அது பிடிக்கவே இல்லை. "நல்லா கீற மரத்த இன்னாத்துக்கு இப்டி முறுக்கிக்கினு கீறே?" என்பார். நான் குனிந்து கம்பியைச் சரிசெய்வேன். பதில் சொன்னால் சண்டைதான்.

அந்த வருடம் நாத்தனார் மறுபடியும் உண்டாகியிருந்தார். அதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. மாமியார் வெளியில் ஒன்றும் காட்டமாட்டார். ஆனால் பெருநகர் பஸ் வரும் நேரத்துக்கு வாசலுக்கு வந்து நின்றுவிடுவார். போதாக்குறைக்கு, வரப்பில் வழுக்கி முழங்கால் பெயர்ந்து கட்டுப்போட்டிருந்தது. தெருக்கோடி வரைகூட நடக்க முடியாது.

ஆடி மாதம் ஒரு காலையில் பார்க்கிறேன், என் அரசமரத்தடியில் ஒரு வேர்க்கடலைச் செடி முளைத்திருக்கிறது. எங்கிருந்து வந்தது? காக்கா போட்டிருக்கும் என்றார் என் கணவர். ஒன்று என்றால் காக்கா. மறுவாரம் நாலு முளைத்தது. மண்ணில் ஒரு புளித்த வாடை. எறும்பு வரிசை. தொட்டியைத் திருப்பிப் பார்த்தேன். சுவர்ப்பக்கம் இருந்த தண்டில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ஒரு துளி குங்குமம்.

எனக்கு இது போதாதா? அடுத்துத் திங்கட்கிழமையோடு அமாவாசை சேர்ந்து வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்குப் பெண்கள் ஏரிக்கரை அரசமரத்தை நூற்றெட்டு சுற்று சுற்றுவார்கள். எண்ணிக்கை தவறக்கூடாது என்று சுற்றுக்கு ஒன்றாக மஞ்சளோ கடலையோ மரத்தடியில் போடுவார்கள். கடலை என்றதும் எனக்குப் பொறி தட்டியது. அன்று மதியம் சாப்பாட்டுக் கூடையைக் கடையில் வைத்துவிட்டு, உடனே திரும்பிக் கொல்லைப் பக்கமாக வந்து வைக்கோல் போரின் பின்னால் நின்றேன்.

மாமியார் துவைகல்லைச் சுற்றிக்கொண்டிருந்தார். முந்தானையை இழுத்துச் செருகி, ஒரு கை கல்லைப் பிடித்துக்கொண்டு, கட்டுப்போட்ட காலை இழுத்து இழுத்து வைத்து நடந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் மடியிலிருந்து ஒரு கடலை எடுத்துத் தொட்டியில் போட்டு, விரலால் மண்ணுக்குள் அழுத்தினார். பக்கத்தில் ஒரு டம்ளர் பால். ஒரு சாண் மரத்தைச் சுற்ற எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று நீங்கள் நினைப்பீர்கள். அந்தக் காலோடு அவருக்கு மத்தியானம் முழுக்க ஆனது.

பாலைத் தொட்டியில் ஊற்றுவதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. மூன்று வருட உழைப்பு! ஓடிப்போய்க் கத்தியிருப்பேன். ஆனால் அவர் கல்லில் நெற்றியை வைத்து மகள் பேரைச் சொல்லி முணுமுணுத்தார். நான் வந்த வழியே போய், தெருப்பக்கமாகச் சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே வந்தேன். கடலைச் செடிகளை மட்டும் பிடுங்கிவிட்டேன். பாலைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஆவணி கடைசியில் இலைகள் மஞ்சளாகிக் கொட்ட ஆரம்பித்தன. மாமியார் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். ஏன் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. ஒருநாள் கொல்லையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்.

"எம் பொண்ணுக்காக வேண்டிக்கினு இதத்தான் சுத்துனேன். திங்கக்கெழம தவறாம பால் ஊத்துனேன். இப்ப இது பட்டுப்போவுதே. அவளுக்கு இன்னா ஆவப்போவுதோ."

வேர் அழுகியிருக்கும், வெளியே எடுத்து அழுகலை வெட்டினால் ஒருவேளை பிழைக்கலாம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. வேண்டிக்கொண்டு சுற்றிய மரத்தில் கத்தரி வைப்பாயா என்று கேட்டார். எனக்கும் பயம்தான். நான் வெட்டி, மரம் செத்து, அங்கே நாத்தனாருக்கும் ஏதாவது ஆகிவிட்டால், ஆயுசுக்கும் அந்தப் பழி என் தலையில்தான். வெட்டாமல் விட்டாலோ மரம் நிச்சயம் போய்விடும்.

மறுநாள் காலையில் மாமியார் குளித்துவிட்டு வந்து, தொட்டியைத் தானே தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் மண்ணைக் கெல்லிக் கவிழ்த்தேன். குப்பென்று நாற்றம். வேரெல்லாம் கறுத்துக் கூழாகியிருந்தது. நடுவில் தயிர்க்கட்டி மாதிரி பால் உறைந்து கிடந்தது, சுற்றிலும் ஊறி அழுகிய கடலைகள். அடி ஓட்டை அடைத்துப்போயிருந்தது. அவர் அந்தக் கடலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாம் அவர் போட்டவை.

"வெட்டு" என்று சொல்லி, மரத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்.

வெள்ளையாக ஈரம் காட்டிய இடம் வரை வெட்டினேன். மிஞ்சியது ஒரு கைப்பிடி வேர்கூட இல்லை. செய்யாற்று மணலைக் கலந்து புது மண்ணில் நட்டு, மாட்டுக்கொட்டகை நிழலில் வைத்தோம். ஒரு வாரத்தில் கடைசி இலையும் விழுந்தது. வெறும் குச்சி. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்க்க எனக்குக் கை துறுதுறுக்கும். பச்சை இல்லாவிட்டால் அவருக்கு என்ன சொல்வது என்ற பயத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தைக் குடையாமல் விட்டேன்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் நாத்தனாரின் கொழுந்தனார் பெருநகர் பஸ்ஸில் வந்து இறங்கினார். குடையை மடக்குவதற்குள் மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்று அவர் சர்க்கரைப் பொட்டலத்தை நீட்டினார்.

மாமியார் முதலில் போனது கொட்டகைக்குத்தான். நானும் பின்னாலேயே போனேன். இலையில்லாக் குச்சி அப்படியே நின்றது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவர் மெதுவாகச் சொன்னார்: "இது மொட்டையா கீது. எம் பொண்ணு நல்லாத்தான் கீறா. பாவம், இம்மாத்தூண்டு மரத்து மேல இன்னாத்துக்கு அம்மாம் பாரத்த ஏத்தினேன்?"

சொல்லிக்கொண்டே கையிலிருந்த சர்க்கரையைப் பழக்கதோஷத்தில் தொட்டியில் போடப்போனார். நான் "அத்த!" என்றேன். கை அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பிறகு சர்க்கரையைத் தன் வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார் பாருங்கள், கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் சேர்ந்து சிரித்து, கடைசியில் இருவருமே அழுதோம்.

அதற்குப் பிறகும் அந்தக் குச்சியைத் தூக்கிப் போட அவர் விடவில்லை. வேண்டுதல் எல்லாம் முடிந்துபோனது, ஆனாலும் தினமும் பார்ப்பார். தை மாதத்தில் ஒருநாள் கொட்டகையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். தண்டின் வளைவில், பழைய கம்பித் தழும்புக்குப் பக்கத்தில், தாமிர நிறத்தில் ஒரு துளிர் நீட்டியிருந்தது. குழந்தையின் பிஞ்சு விரல் போல இருந்தது.

முழங்கால் சரியானதும் அவர் சுற்றுவதற்கு ஏரிக்கரை மரத்துக்கே போக ஆரம்பித்தார். நான் செம்போடு தொட்டிப் பக்கம் போனால் மட்டும் உள்ளேயிருந்து குரல் வரும்: "வெரல் வுட்டுப் பாத்தியா?" மண்ணில் விரலை விட்டு, ஈரம் இருந்தால் ஊற்றக் கூடாது. அது நான் அவருக்குச் சொன்னதுதான்.

போன்சாய் என்று அதற்குப் பெயர் உண்டு என்பதே வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த மரம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மாமியார் இல்லை. பிள்ளைகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ பாசத்தை அள்ளிக் கொட்டப் போகும்போதெல்லாம், உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டு, விரலை விட்டுப் பார்க்கிறவள் மாதிரி ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன்.