கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்து

என் மகளுக்கு அப்போது பதினோரு மாதம். நிற்கச் சுவர் வேண்டும், பேச்சு வராது. ஆனாலும் அமெரிக்காவில் பிறந்த புண்ணியத்தில் அவளிடம் ஒரு பாஸ்போர்ட் இருந்தது. படத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அதைக் காட்டினால் போதும், அந்த நாட்டுக்குள் விட்டுவிடுவார்கள். அவளுக்குப் பால் கொடுக்கிற எனக்கு அந்த மரியாதை கிடையாது. நான் அங்கே ஆராய்ச்சி மாணவி, விசா முடிந்துபோனவள். சென்னையில் புது விசா வாங்கி, கல்லூரி திறக்கும் நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் என் இடம் போகும், உதவித்தொகை போகும், நாலு வருஷ உழைப்பும் போகும்.

என் கணவரும் அங்கேதான் படித்துக்கொண்டிருந்தார். குழந்தைக்கு அண்ணாமலையார் கோயிலில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டவர் அவர். லீவு கிடைக்கவில்லை என்றவரும் அவரே. வேண்டுதலைச் சுமந்துகொண்டு திருவண்ணாமலையில் மாமனார் வீட்டுக்கு வந்தவள் மட்டும் நான்.

விசாவுக்கு முக்கியம் கல்லூரி கொடுக்கும் ஐ-20 என்ற இரண்டு தாள். அதன் கடைசிப் பக்கத்தில், வெளிநாட்டு மாணவர் அலுவலகப் பெண் ஒருத்தி மையில் கையெழுத்துப் போட்டிருப்பாள். இவள் ஒழுங்காகப் படிக்கிறாள், திரும்ப உள்ளே விடலாம் என்று அர்த்தம். ஐந்து வருஷம் படித்தாலும் பத்து வருஷம் படித்தாலும், ஊருக்குப் போய்வர இந்த நற்சான்றிதழ் வேண்டும். திரும்பும்போது விமான நிலைய அதிகாரி அந்தத் தாளிலேயே முத்திரை குத்துவார். நானோ காலையில் ஒருமுறை, சாப்பிட்டபின் ஒருமுறை, குழந்தை தூங்கியதும் ஒருமுறை பெட்டியைத் திறந்து அந்தக் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பேன். மை பறந்து போய்விடும் என்று நினைத்தேனோ என்னவோ.

மாமனார் இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். காகிதம் என்றால் என்னவென்று தனக்கு மட்டுமே தெரியும் என்பது அவர் எண்ணம். வீட்டில் ரேஷன் கார்டு, மின்சார அட்டை, அத்தையின் கண் பரிசோதனைச் சீட்டு எல்லாமே பிளாஸ்டிக்குக்குள் பளபளக்கும்.

மொட்டை போட்ட அன்று அவர் மட்டும் கோயிலிலிருந்து முன்னாலேயே கிளம்பிவிட்டார். நாங்கள் வந்தபோது கூடத்தில் சிரித்தபடி நின்றார்.

"இந்தாம்மா. இனிமே தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது. நீ சும்மா சும்மா எடுத்துப் பாத்துக்கினு இருந்தியே, மடிப்புல கிழிஞ்சிருக்கும்."

ஐ-20. இரண்டு தாளையும் முதுகோடு முதுகு சேர்த்து ஒரே உறையில் லேமினேட் செய்திருந்தார். நடுவில் இருந்த இரண்டு பக்கமும், கையெழுத்து இருந்த கடைசிப் பக்கம் உட்பட, உள்ளே ஒட்டிப்போய்விட்டன. முதல் நாள் அத்தை நல்ல காரியமென்று நாலு மூலையிலும் தடவிய மஞ்சளும் பத்திரமாகச் சிறைப்பட்டிருந்தது.

"மாமா, இதுல அவங்க முத்திரை குத்தணும்."

"குத்தட்டுமே. யார் வேணாண்றாங்க?"

"பிளாஸ்டிக் மேல எப்படி மாமா குத்துவாங்க?"

"அதெல்லாம் அவங்க கிட்ட ஸ்பெஷல் மை இருக்கும். அமெரிக்காக்காரனுக்கு இது தெரியாதா?"

லேமினேஷன் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "உரிச்சா எழுத்தும் கூடவே வந்துடும் மேடம். நம்ம ஒர்க் அவ்ளோ ஸ்ட்ராங்" என்றார். பெருமை வேறு.

நாத்தனார் கீழ்பென்னாத்தூரிலிருந்து மொட்டைக்காக வந்திருந்தாள். "சாமியே போவாதன்னு சொல்லுது அண்ணி. செங்கம் ரோட்ல ஆசிரமத்துப் பக்கம் போய்ப் பாருங்க, வெள்ளக்காரங்களே அங்க வேணாம்னு இங்க வந்து ரூம் எடுத்துக் கெடக்கறாங்க. நீங்க எதுக்கு அங்க ஓடறீங்க?"

அவளுக்குச் சுடச்சுடப் பதில் சொல்லியிருக்க வேண்டும். அவள் தட்டில் இன்னொரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். நான் திரும்பிப் போகக் கூடாது என்றே மாமா இதைச் செய்தாரோ என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்ததற்கு வெட்கமும் வந்தது. வெட்கம் வந்தது என்பதற்காக நினைப்பு போய்விடவில்லை.

மாலை ஆறரைக்கு ஐ.எஸ்.டி. பூத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் பேசினேன். கையெழுத்துப் போட்ட அந்தப் பெண்ணுக்கு விஷயம் புரியவே இல்லை. அதை ஏன் லேமினேட் செய்தீர்கள், யார் செய்யச் சொன்னார்கள் என்று கேட்டாள்.

நான்தான் செய்தேன், தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். மாமனாரைக் காட்டிக்கொடுக்காத மருமகள்! முனைவர் பட்டம் வாங்கப் போகிறவள், ஒரு தாளைப் பத்திரமாக வைக்கத் தெரியாதவள் என்று அந்தப் பெண் குறித்துக்கொண்டிருப்பாள். பிறகு, புதியது அனுப்புகிறேன், கூரியரில் பத்து நாளாவது ஆகும் என்றாள். விசா நேர்காணலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

பதினோராம் நாள் மதியம் கூரியர் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவர் மாமா. நான் குழந்தையை அப்படியே பாயில் விட்டுவிட்டுப் போய் அவர் கையிலிருந்து உறையைப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்பதுதான் சரியான வார்த்தை. அன்று மாலைக் காப்பியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் சென்னையில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி புதுத் தாளைத் திருப்பினார். கையோடு இருக்கட்டும் என்று பழையதையும் கொண்டுபோயிருந்தேன், அதுதான் என் புத்தி. அது கோப்பிலிருந்து நழுவி விழுந்தது. அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். இப்படி நிறையப் பேர் கொண்டுவருகிறார்கள் என்றார். இரண்டு கேள்வி, இரண்டு நிமிஷம். சாயங்காலம் பாஸ்போர்ட்டில் விசா இருந்தது. பன்னிரண்டு நாள் நான் சோறு இறங்காமல் கிடந்தது இந்த இரண்டு நிமிஷத்துக்கு.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மாமா எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"ரெண்டே கேள்வியா? லேமினேட் பண்ணத அவரு பாத்தாரா?"

"பாத்தார் மாமா."

"பாத்து?"

"சிரிச்சார்."

மாமா அத்தையின் பக்கம் திரும்பினார். "பாத்தியா? நீட்டா வெச்சிருக்காங்கன்னு அவனுக்கே சந்தோஷம். அதான் உடனே குடுத்துட்டான்." அத்தை தலையாட்டினாள். பிறகு மாமா என்னிடம், "பாப்பா பாஸ்போர்ட்டையும் குடும்மா. பாப்பா படம் இருக்கற பக்கத்த மட்டும் லேமினேஷன் போட்டுக்கினு வந்துடறேன். இன்னும் கடை மூடியிருக்க மாட்டான்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வேணாம் மாமா" என்றேன்.

கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் 'வேணாம்' அது. சத்தமாகவே வந்துவிட்டது. பாயில் இருந்த குழந்தை திரும்பிப் பார்த்தாள். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். விமானம் ஏறும்வரை இரண்டு பாஸ்போர்ட்டும் ஐ-20யும் என் தலையணைக்கடியில்தான் கிடந்தன. அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போதும் சில நாள் தோன்றும். உடனே அந்த மஞ்சள் மூலைகள் ஞாபகம் வரும். இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன்.