சந்தனம் வைத்த தண்ணிப்பூ

எண்பதுகளில் காரைக்கால் பக்கம் ஒரு நூல் மில்லில் குழாய் ஃபிட்டராக இருந்தேன். படிப்பு எட்டாவதோடு சரி. வரிச்சிக்குடியிலிருந்து சைக்கிள். கேரியரில் என் வீட்டுக்காரி. அவளுக்கும் அதே மில்லில்தான் வேலை. பேல் என்கிற பஞ்சுப் பொதியை உடைத்துக் கையால் கலக்கும் கூடம்.

அங்கே ஒரு பொறி விழுந்தால் போதும். அதனால் கூரை நெடுகத் தண்ணீர்க் குழாய். குழாயில் பத்தடிக்கு ஒரு பித்தளை மூக்கு. அடியில் பூ இதழ் மாதிரி தகடு. நடுவில் சுண்டுவிரல் நுனி அளவு கண்ணாடிக் குப்பி, உள்ளே சிவப்புத் தண்ணி. தீப் பிடித்தால் சூட்டில் குப்பி வெடித்துத் தண்ணீர் கொட்டும். ஸ்பிரிங்க்ளர் என்று பேர். நாங்கள் தண்ணிப்பூ என்போம்.

ஆயுத பூசைக்கு மில்லே மணக்கும். மெஷின், மோட்டார், தராசு, வாட்ச்மேன் தடி, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். தண்ணிப்பூவுக்கு முதல் நாளே வைத்தது நான். யாரும் சொல்லவில்லை. ஏணி என்னிடம் இருந்தது. நம்மைக் காக்கிற சாமான், அதை விடலாமா. அவள் நிற்கும் இடத்துக்கு மேலே இருந்த பூவுக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக அப்புவேன்.

கீழே அவளோடு வேலை பார்க்கும் பெண்கள் கேலி செய்வார்கள்.

"ஏண்ணே, அண்ணி தலைக்கு மேல இருக்குறது மட்டும் கல்யாணப் பொண்ணா? எங்களுது என்ன பாவம் பண்ணுச்சு?"

"வேலையப் பாருங்கடி" என்பாள் அவள். கண் இமையெல்லாம் பஞ்சு.

ஆறு வருசம் வைத்தேன். பழசைத் துடைக்கவில்லை. சாமிக்கு வைத்ததை எப்படிச் சுரண்டுவது? அதன் மேலேயே பஞ்சு ஒட்டியது, அதன் மேலே மறு வருசச் சந்தனம்.

ஏழாம் வருசம், பூசைக்குப் பத்து நாள் இருக்கும்போது மெட்ராசிலிருந்து இன்சூரன்ஸ் அதிகாரி வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"என்னய்யா, மேல காளான் மொளச்சிருக்கு?"

"சந்தனம் சார்."

"யார் வச்சது?"

"நான்தான்."

அவர் திட்டவில்லை. "அந்தா, அதிகமா அப்பியிருக்கே, அதைக் கழட்டு. ஸ்டோர்லேருந்து புதுசு ஒண்ணு எடுத்துக்க" என்றார்.

வால்வை மூடினேன். குழாயை வடிய விட்டுக் கழற்றினேன். வொர்க்‌ஷாப் உலைக்கு மேலே இரண்டு பூவையும் ஒரே உயரத்தில் கம்பியில் கட்டச் சொன்னார். தள்ளி நின்றோம். அவர் கையில் கடிகாரம். கொஞ்ச நேரத்தில் புதுசு டப்பென்று வெடித்தது. என்னுடையது வெடிக்கவில்லை. மனசுக்குள் எண்ணினேன். சந்தனம் கறுத்தது. நல்ல வாசனை வந்தது. அறுபதுக்கு மேல் எண்ண முடியவில்லை.

"இதுக்குக் கீழ யாரு வேலை பாக்குறா?"

"என் சம்சாரம் சார்."

அவர் கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சுரண்டிட்டாப் போதுமா சார்?"

"நம்ப முடியாது. எல்லாத்தையும் மாத்திடு."

கழற்றிய இடத்தில் ஸ்டோரில் மிச்சமிருந்த ஒரே பூவை மாட்டினேன். அவள் ஒருத்தி பத்திரம். மற்றவர்கள் தலைக்கு மேலே என் சந்தனம் அப்படியே இருந்தது. அண்ணே அண்ணே என்று கூப்பிட்டவர்கள். புதுசு வந்து சேரும்வரை அந்தக் கூடத்திலேயே தண்ணீர் வாளிகளோடு நின்றேன்.

"ஏங்க இங்கயே சுத்துறீங்க?" என்றாள்.

"சும்மா."

பூசையன்று மில் ஓடாது. வைக்கோல் வைத்த பெட்டியில் புதுசெல்லாம் வந்திருந்தது. காலையிலேயே வால்வை மூடி ஏணி போட்டேன். பழசைக் கழற்றி, மரையில் சணல் சுற்றி, புதுசைக் கையால் திருகி, ஸ்பேனரில் ஒரு இழுப்பு. குப்பியில் விரல் படக்கூடாது. மத்தியானம் அவள் பொரியும் சுண்டலும் கொண்டு வந்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டாள். கடைசிப் பூவை மாட்டியதும் சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள்.

"வேண்டாம்."

"ஏங்க?"

"சந்தனம் சூட்ட மறைச்சிடுது. உன் தலைக்கு மேல இருந்தத உலையில காட்டுனோம். வெடிக்கல."

அண்ணாந்து பார்த்தாள். "ஆறு வருசமாவா?"

"ஆமா."

"நல்லாப் பாத்துக்கிட்டீங்க போங்க" என்றாள். சிரித்தாள். ஏணியிலிருந்து கை எடுக்கவில்லை.

இறங்கினேன். சுவரோரம் பெரிய வால்வுச் சக்கரம் இருந்தது. "இதுக்கு வைக்கலாமில்ல?" என்று கேட்டு அவளே ஒரு பொட்டு வைத்தாள். அதற்கப்புறம் திறந்தேன். குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம். ரெண்டு பேரும் மேலே பார்த்தபடி நின்றோம். ஒரு சொட்டுக் கசியவில்லை.

மறுநாள் பெண்கள் விடவில்லை. "என்னண்ணே, அண்ணியோட சண்டையா? பொட்டு ஒண்ணையும் காணோம்?"

நான் உலையில் பார்த்ததைச் சொன்னேன். ஒவ்வொருத்தியும் தன் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டாள். பிறகு ஒருத்தி, "அண்ணி, இனிமே அண்ணன் பூ வாங்கிக் கொடுத்தாக்கூட பாத்து வைங்க" என்றாள். கூடமே சிரித்தது.

பூசையன்று சைக்கிளில் திரும்பும்போது, விரலில் மிச்சமிருந்த சந்தனத்தை என் சட்டை முதுகில் துடைத்திருக்கிறாள். வீட்டில்தான் பார்த்தேன். துவைத்தும் போகவில்லை. அந்தச் சட்டை கிழியும்வரை போட்டேன்.