ஜரீனா தர மறுத்த ஆறுதல்

அந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தால் எனக்குக் குழந்தை பிறந்திருக்குமா? ஏழு ஆண்டுகளாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது, பதில் இல்லை. சென்ற வெள்ளிக்கிழமை ஜரீனாவின் கணவர் ஃபாரூக் தொலைபேசியில் ஜரீனா இறந்த செய்தியைச் சொன்னபோதும் அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

நம் ஊர் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அவரை அறிந்த உங்களில் பலருக்கு அவர் வீட்டு நோன்புக் கஞ்சி நினைவிருக்கும். நான் அவருடன் மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்தவள். கருப்பைக் கோளாறு உள்ள பெண்களின் உடலில் நோய் எதிர்ப்புச் செல்கள் கருத்தரிப்புக்கு எப்படித் தடையாகின்றன என்பது அவர் ஆராய்ச்சி. அவருடைய எண்களைச் சரிபார்க்கும் புள்ளியியலாளர் நான். ஒப்பிட்டுப் பார்க்க நலமான பெண்களின் மாதிரி எங்கே என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்பேன். "மாமியார் வந்துட்டாங்க," என்று என்னைக் கேலி செய்வார்.

என் நாற்பத்திரண்டாவது வயதில், எண்டோமெட்ரியோசிஸுக்காக, கருப்பைக்கு வெளியே அதன் உட்சவ்வு வளர்ந்து வலி தரும் கோளாறுக்காக, போன மருத்துவமனையில், என் நோய் எதிர்ப்புச் செல்களே கருவைத் தாக்குகின்றன, ஊசியால் அவற்றை அடக்கினால் கரு தங்கும் என்றார்கள். எளிதில் எதையும் நம்பாத நான் அதை நம்பினேன். என் கருப்பைத் திசுவின் பயாப்ஸி ஸ்லைடுகளை வாங்கிவந்து ஜரீனாவிடம் கொடுத்தேன். சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

நெடுநேரம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "அந்தச் செல்லுங்க நிறையத்தான் இருக்கு, உஷா. ஆனா எதைவிட நிறைய? கம்பேரிசன் கேட்டுக் கேட்டு என் உயிரை எடுக்கறீங்க. உங்க ஸ்லைடுக்கு மட்டும் வேண்டாமா?"

கோபத்தோடு, கொலையாளிச் செல்கள் என்றுதானே அவற்றுக்குப் பெயர் என்றேன்.

"பேருதான் அப்படி. கருவுக்கு ரத்தக்குழாயை அகலமாக்கற பிளம்பர் வேலையும் அதுங்கதான் பண்ணுது. அடக்கினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொல்றவங்ககிட்ட டேட்டா கேளுங்க."

கேட்டேன். அவர்களிடம் இல்லை. ஊசி வேண்டாம் என்றுவிட்டேன். அறுவை சிகிச்சையில் வலி குறைந்தது, குழந்தை வரவில்லை. ஸ்லைடைப் பார்த்த அன்றிலிருந்து மூன்று மாதம், கூட்டங்களுக்கு வெளியே ஜரீனாவோடு நான் பேசவில்லை. அவர் சமாதானம் சொல்ல வரவில்லை. ஒப்பீட்டு மாதிரியை முதல் பக்கத்திலேயே வைத்து அறிக்கைகளை அனுப்பிக்கொண்டிருந்தார். நான்காவது மாதம் நானே போய் அவரோடு சாப்பிட உட்கார்ந்தேன்.

தன் ஆராய்ச்சியின் மீது அத்தனை நம்பிக்கை வைத்திருந்தவர், அது இன்னும் காட்டாத ஒன்றை எனக்காகக்கூடச் சொல்லவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த 'எனக்குத் தெரியாது'.

சனிக்கிழமை அடக்கம் முடிந்தது. மறுநாள் ஃபாரூக் மீண்டும் கூப்பிட்டார். "பிளானோங்கற ஊர்லேருந்து ஒரு பொண்ணு ஜரீனா போனுக்கு கால் பண்ணிட்டே இருக்காங்க. ஏதோ ட்ரீட்மென்ட் விஷயம். நீங்க பேசறீங்களா?"

பேசினேன். அவளுக்கும் அதே ஊசியைத்தான் சொல்லியிருந்தார்கள். அறிந்தது இவ்வளவு, அறியாதது இவ்வளவு என்று சொன்னேன். நான் போட்டுக்கொள்ளவில்லை, எனக்குக் குழந்தை இல்லை என்பதையும் சொன்னேன். டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று என்னை மெதுவாகச் சொல்லச் சொல்லி, எழுதிக்கொண்டாள்.